திட்டும் மூடி

மழைநீர் வடிகாலில் எதை ஊற்றினாலும், ஊற்றியவர் பெயரைச் சொல்லி மூடியே திட்டும். அந்தத் திட்டுகளை எழுதிக் குரலும் கொடுத்தவள் தமயந்தி. தெருவில் ஒருவரும் திருந்தவில்லை, காதைத்தான் பழக்கிக்கொண்டார்கள்.

தீபாவளி முறுக்கு சுட்ட எண்ணெயை அவள் கணவன் குணசீலனே கொண்டுபோய் ஊற்றினான்.

“குணசீலன், இது நேரா கடலுக்குப் போகுது. அறிவில்ல?” என்றது மூடி, தெருவே கேட்க.

“வீட்ல திட்றது பத்தலையாடி?” என்றான்.

எதிர்வீட்டு ரோஸ்லின் சிரித்தாள். “எங்களத் திட்டுறப்ப இனிச்சுதுல்ல, தமயந்தி?”

மானம் போனது தாங்காமல், தமயந்தி ஈரச் சாக்கை மடித்து மூடியின் துளைகளில் திணித்தாள். மறுநாள் கொட்டிய மழை வடிய வழியில்லாமல் அவள் கூடத்துக்குள் வந்தது. கட்டிலில் ஏறி உட்கார்ந்தவளுக்கு, வாசல் தண்ணீருக்கடியிலிருந்து தன் குரலே கேட்டது.

“தமயந்தி, சாக்க அடைச்சிருக்க. அறிவில்ல?”