திட்டி வந்த கடிதங்கள்

காகிதம் கிழிக்கும் மெஷினுக்குள் அந்தக் கடிதம் பாதி போயிருந்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பதிப்பகத்தின் உதவி ஆசிரியர் மீதியையும் உறையோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

வந்தவர் எழுத்தாளர் அம்மா. இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், போன மாதம் பார்த்த முகமா இது என்று ஒவ்வொரு தடவையும் உதவி ஆசிரியருக்குப் பகீர் என்றது.

அம்மா எழுதியது குழந்தைகளுக்கான ஒரு படப் புத்தகம், மொத்தமே பதினெட்டுப் பக்கம். கோபித்துக்கொண்டு போன குட்டி அணிலுக்காகத் தாய் அணில் பொந்தின் கதவைச் சாத்தாமல் காத்திருக்கும். மழை வந்தாலும் சாத்தாது, பாம்பு வந்தாலும் சாத்தாது. அவ்வளவுதான் கதை. இதற்குப் போய் ஆறு மாதமாக வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

ஒரு கட்சி அழுதது. மகளுக்குப் படித்துக் காட்டும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டேன் என்று ஒரு லாரி ஓட்டுநர் நாலு பக்கம் எழுதினார். இன்னொரு கட்சி வரிந்து கட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகிறவள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா, நான் என்ன அம்மா இல்லையா என்று ஒரு நர்ஸ் கேட்டிருந்தார். அம்மா இல்லாத பிள்ளையையும் வகுப்பில் வைத்துக்கொண்டு இதை எப்படி வாசிப்பது என்று ஒரு பள்ளி ஆசிரியர் பொரிந்து தள்ளியிருந்தார்.

நல்லதைக் கொடு, கெட்டதைக் கிழி என்பது முதலாளியின் உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் உதவி ஆசிரியர் அதைத்தான் செய்திருப்பார். இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்களுக்கு மனசு பூ மாதிரி, ஒரு சுடுசொல் பட்டாலும் சுருண்டுவிடுவார்கள் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். இந்த அம்மா ஏற்கெனவே பாதி சுருண்டுபோய்த்தான் இருந்தார். அதனால் அவர் இன்னும் மும்முரமாகக் கிழித்தார்.

இன்றைய கடிதக் கட்டை அம்மாவின் முன்னால் நகர்த்தி வைத்தார். முப்பத்தொரு கடிதம், அத்தனையும் பாராட்டு. அம்மா ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. உறைமேல் இருந்த கையெழுத்தைப் பார்ப்பதும் ஒதுக்கி வைப்பதுமாக ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார். இவ்வளவு புகழ்ச்சியும் போதவில்லையா இந்த மனுஷிக்கு என்று அவருக்குச் சலிப்புத் தட்டியது.

"வேற ஒண்ணும் வரலையா, தம்பி?"

"இவ்வளவுதாம்மா."

"திட்டி ஒண்ணுகூடவா வரல?"

அவர் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். அம்மா விடுவதாக இல்லை. சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை, திட்டாத வாசகர் உலகத்தில் உண்டா, என்னிடம் மறைக்காதீர்கள் என்று மன்றாடினார். கடைசியில் கையைக் கூப்பியேவிட்டார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் எதிரில் நின்று கை கூப்பினால் யாருக்குத்தான் மனசு தாங்கும்?

மறைத்தால் இல்லாததையெல்லாம் கற்பனை பண்ணியே இந்த அம்மா செத்துப்போவார், உள்ளதைச் சொல்லித் தைரியம் கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

"வந்துச்சும்மா. நாப்பது அம்பது இருக்கும். எல்லாத்தையும் கிழிச்சுட்டேன். இனிமே ஒண்ணும் உங்களைத் தொடாது."

அம்மாவின் முகத்தில் ரத்தம் சுண்டியது. என்னென்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டார். நர்ஸ், பள்ளி ஆசிரியர் என்று அவர் ஒவ்வொன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். இல்லை, வேறு, வேறு என்று அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு பொண்ணு மட்டும் மாசம் தவறாம எழுதும்மா. பேரும் போடாது, ஊரும் போடாது. பதினாறு வயசுல அதோட அம்மா கோவத்துல வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டாங்களாம். விடியற வரைக்கும் தட்டிப் பாத்துட்டு, அப்படியே போயிடுச்சாம். அந்த ஆத்திரத்தை உங்க தலையில கொட்டுது. திறந்த கதவைப் பத்தி எழுத உங்களுக்கு என்ன யோக்கியதைன்னு கேக்குது, பாருங்க."

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குத்தான். நீங்க படியேறும்போதுதான் மெஷின்ல போட்டேன். இந்தத் தடவை திமிரைப் பாருங்க, பதில் சொல்லத் தைரியம் இருந்தா நேர்ல வரச் சொல்லுங்கன்னு கீழ முழு விலாசம் வேற." அவர் பெருமையாகச் சிரித்தார். "எந்த ஊருன்னுகூட நான் பாக்கலையே. தூளாக்கிட்டேன்."

அம்மா போய் மெஷின் முன்னால் மண்டியிட்டுவிட்டார். கூடையைக் கவிழ்த்துத் துணுக்குகளை இரண்டு கையாலும் அள்ளினார். பல கடிதங்களின் தூள், அரிசியளவுகூட இல்லை ஒவ்வொன்றும். ஒன்றோடு ஒன்றை ஒட்டவைத்துப் பார்த்தார். ஓர் எழுத்துகூடச் சேரவில்லை.

உதவி ஆசிரியர் பதறிப்போனார். யாரோ பெற்ற பெண் ஏதோ உளறியதற்கு நீங்கள் ஏனம்மா இப்படி என்று தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

அம்மா நிமிரவில்லை.

"தாழ்ப்பாள் போட்டது நான்தான், தம்பி."