பிரிக்காத பெட்டி

“இதை யார் பிரிச்சது?”

வாத்தியார் கத்தவில்லை. அதனால்தான் மனைவிக்கும் மகளுக்கும் பயம் வந்தது. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க ‘பிரேக், பிரேக்’ என்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர். வீட்டில் அவர் குரல் இறங்கினால் விபரீதம்.

அவர் உள்ளங்கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. நாலு பக்கமும் மூடிய பெட்டி. மேலே சிவப்புக் கார் படம். அலமாரியில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பொம்மைக் கார்களில் இது ஒன்றுதான் ஒட்டுப் பிரிக்காதது. பதினெட்டு வருடமாக அப்படியே இருந்தது. சிரிக்காதீர்கள். பொம்மைக் கார் சேர்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு தர்மம். கார் எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைத்துவிடும். பிரிக்காத பெட்டிதான் கிடைக்காது.

கொடுத்தவர் அவருடைய ஆருயிர் நண்பர். வாத்தியாரிடமிருந்து ஒன்பது கார்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்த ஒன்றைக் கொடுத்தார். இப்போது உயிரோடு இல்லை. வாத்தியார் லீவு நாட்களில் எழுதி எழுதிச் சேர்த்த கட்டுரைகள் புத்தகமாகியிருந்தன. முதல் கட்டுரையே அந்த நண்பரைப் பற்றித்தான். ‘அவர் கொடுத்ததைத் திறந்து பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கையில் ஏந்தினால் கனமே சொல்லும், உள்ளே இருப்பது அவர் வாக்கு’ என்று எழுதியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. மேடையில் எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்து, காரை நண்பரின் மனைவி கையில் கொடுக்கப் போவதாக அழைப்பிதழிலேயே போட்டாகிவிட்டது.

“நானில்லப்பா” என்றாள் மகள்.

“நீ இல்லன்னு தெரியும். டேப் முனையைப் பாரு.”

முனை நகக்கண் அளவுக்கு உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தது. பிரிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பார்சல் ஆபீசில் பெட்டி ஒட்டுகிறவர்கள் செய்கிற வேலை அது. அந்த வீட்டில் இருபது வருடமாகப் பார்சல் ஒட்டுகிற கை ஒன்றுதான்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“நான்தான் பிரிச்சேன்.”

“எதுக்கு?”

“உள்ள என்ன இருக்குன்னு பார்க்கத் தோணிச்சு.”

அவ்வளவுதான், அணை உடைந்தது. குரங்கு கையில் பூமாலை என்றார். லைசென்சுக்கு எட்டுப் போடத் தெரியாதவன்கூடத் தொடாதே என்றால் தொடமாட்டான் என்றார். டேப்பைக் கிழித்துக் காரை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு.

“கீறல் வேற. பதினெட்டு வருஷம் காத்துகூடப் படாம இருந்துச்சு. உன் கை பட்டுது, இந்தக் கதி.”

அவள் கீறலைப் பார்த்தாள்.

அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வந்தது. ஒரு வாரமாக அவள் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறாள். ஆபீசுக்கு எடுத்துப் போய் ஊருக்கெல்லாம் காட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு எங்கே போனாய் என்றதற்கு, வேலை இருந்தது என்றாள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. கை தவறி விழுந்திருக்கும், அதையாவது சொல்லேன் அம்மா என்று கெஞ்சினாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“அவன் என்னை நம்பிக் குடுத்தான்” என்றார் வாத்தியார். “கூடப் பொறந்தவன்கூட அப்படி இருக்கமாட்டான். கட்டினவ நீ, உன்னைவிட அவன் யோக்கியன். ஞாயித்துக்கிழமை நான் என்ன செய்ய? மறுபடி ஒட்டி எடுத்துட்டுப் போய், அவன் பேரைச் சொல்லி ஊரை ஏமாத்தவா?”

அதுவரை கல்லாக நின்றவளின் முகம் குப்பென்று சிவந்தது. வாயைத் திறந்தாள். பிறகு கையிலிருந்த கரித்துணியை முறுக்கிப் பிழிந்தாள், அதில் ஈரமே இல்லை.

“ஏமாத்த வேணாம். எம் பொண்டாட்டி பிரிச்சுட்டான்னு சொல்லுங்க.”

“சொல்லத்தான் போறேன். மைக்ல, உன் பேரைச் சொல்லியே சொல்வேன்.”

“சொல்லுங்க. காரை மட்டும் அந்தம்மா கையில குடுத்துடுங்க.”

“நீ அங்க வராத. உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது.”

கதவு அறைந்த வேகத்தில் அலமாரியில் இருந்த கார்கள் எல்லாம் ஒரு அங்குலம் நகர்ந்தன. அவள் போய் ஒவ்வொன்றாக நேராக்கி வைத்தாள்.

மறுநாள் காலை பார்சல் ஆபீசில் அவள் டேப்பை இழுத்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். யாரையோ அறைவதுபோல் இருந்தது அந்தச் சத்தம்.

“என்னக்கா, இன்னிக்கு அட்டைப்பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு? ஆமா, ஒரு வாரமா பழைய சாமான் கடை கடையா அலைஞ்சீங்களே, அந்தச் சிவப்புக் கார் கிடைச்சுதா?”

“கிடைச்சுது. கூரையில ஒரு கீறலோட.”

மின்விசிறிக் காற்றில் ரசீதுகள் பறந்தன. அவள் பையிலிருந்து வழவழப்பான கல் ஒன்றை எடுத்து, ரசீதுகளின்மேல் ணங்கென்று வைத்தாள்.

“இது ஏதுக்கா கல்லு?”

“தூசி தட்டறப்போ அவரோட பெட்டி கீழ விழுந்து ஒட்டு விட்டுப் போச்சு. உள்ளேருந்து இதுதான் உருண்டு வந்துச்சு, பதினெட்டு வருஷத்துக்கு முந்தின நியூஸ் பேப்பரைச் சுத்திக்கிட்டு.”