வாசலை அடைத்த தொட்டி

"என்னை ஜெயில்ல போட்டுட்டானுங்க லொரெய்ன்! சொந்த வீட்டுலயே ஜெயில்!"

டெல்பர்ட் கார் சாவியை ஆட்டி ஆட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். கராஜ் கதவை ஒட்டி, கார் போகும் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது அந்த டம்ப்ஸ்டர். பழைய கூரையைப் பிரித்துக் கொட்டுவதற்காக வாடகைக்கு எடுத்த ராட்சத இரும்புத் தொட்டி. புதுக் கூரை போட்டு மூன்று வாரம் ஆகியும் அது நகர்ந்தபாடில்லை.

இதற்குள் அக்கம்பக்கத்தார் தங்கள் பங்குக்கு ஒரு கிழிந்த மெத்தையையும், துருப்பிடித்த சைக்கிளையும் சத்தமில்லாமல் அதில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்தத் தெருவில் எவன் டம்ப்ஸ்டர் எடுத்தாலும் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. தீயணைப்பு நிலையத்துல ஊருக்கே மீன் வறுவல் விருந்து. என் கூட்டாளி ஸ்டான், நான் வந்து கூட்டிட்டுப் போவேன்னு தொப்பிய மாட்டிட்டு உக்காந்திருப்பான்."

"அவன் மருமக கார் எடுக்கறாளாம். நம்மளையும் ஏத்திக்கறேன்னு சொன்னா" என்றாள் லொரெய்ன்.

"நான் பின் சீட்டுல உக்காரணுமா? முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன்! ஒரு கீறல் உண்டா? சொல்லு!"

லொரெய்னுக்குத் தெரியும், கீறல் உண்டு. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்தது இவருடைய கார்தான். குப்பை லாரி இடித்துவிட்டது என்று இவர் சாதித்துவிட்டார். ஆனால், பம்பரில் ஒட்டியிருந்த தபால் பெட்டியின் பச்சைப் பெயிண்டை அவள் பார்த்துவிட்டாள்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண் பென்னி தினமும் காலையில் பள்ளி பஸ்ஸுக்காக நிற்பாள்.

"சாவியைப் பிடுங்கிடும்மா" என்று மகன் சொல்லிவிட்டான். டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்? 'உனக்குக் கண் தெரியவில்லை, இனி ஓட்டாதே' என்று நேருக்கு நேர் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அதனால்தான் வாராவாரம் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, தொட்டிக் கம்பெனிக்கு ரகசியமாகப் போன் போட்டாள். "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும். எடுத்துடாதீங்க, ப்ளீஸ்." கட்டிய கணவனையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோமே என்ற உறுத்தல் வேறு அவளைத் தின்றது. சொல்லவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

டெல்பர்ட்டும் சும்மா இருக்கவில்லை. "இன்னைக்கு அவனுங்கள உண்டு இல்லைன்னு பண்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போவார். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்.

தும்மினாலே மூன்று வீடு தாண்டிக் கேட்கும் மனிதர் அவர். ஆனால் கராஜிலிருந்து ஒரு சத்தமும் வராது. கார்க் கதவு நல்ல கெட்டிக் கதவு போல என்று நினைத்துக்கொள்வாள் லொரெய்ன்.

தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. தொட்டிக் கம்பெனி லாரி, பின்பக்கமாக வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"வந்துட்டான்!" என்று டெல்பர்ட் துள்ளி எழுந்து வெளியே ஓடினார்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு டெல்பர்ட் தொட்டியைக் காட்டினார், கூரையைக் காட்டினார், வீட்டைக் காட்டினார். கைகள் காற்றில் பறந்தன. தாடிக்கார டிரைவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் பாவம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று தோன்றியது.

டெல்பர்ட் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"விட்டேன் பாரு டோஸ்! இன்னும் பத்து நிமிஷத்துல இடம் காலி!" நாற்காலியில் சரிந்து, குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

பத்து நிமிஷம்! அப்புறம் கார் வெளியே வந்துவிடும். லொரெய்ன் ஒரு கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டாள்.

"அவனுக்கு இதைக் குடுத்துட்டு வரேன். நீ திட்டினதுக்கு நானாவது கொஞ்சம் நல்லபடியா பேசறேன்."

வெளியே டிரைவர் இன்னும் கொக்கியை மாட்டவில்லை. லொரெய்ன் காபியை நீட்டிவிட்டு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான்தான் ஆபீஸுக்குப் போன் பண்ணி இருக்கட்டும்னு சொன்னேனே, ஏன் வந்தே?"

"கூரை வேலை முடிஞ்சிடுச்சுன்னு காண்ட்ராக்டர் சொன்னாராம் மேடம். எடுத்துட்டு வான்னு அனுப்பிட்டாங்க."

"எடுக்காதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியில்ல. கார எடுத்தாருன்னா, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு பக்கத்து வீட்டுக் குழந்தை மேல ஏத்திடுவாரு. ஓட்டாதன்னு நான் சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. லாரில ஏதோ கோளாறு, தூக்க முடியலன்னு அவர்கிட்ட ஒரு பொய் சொல்லிடு தம்பி. நான் சொன்னேன்னு மட்டும் தெரியவே கூடாது."

டிரைவர் காபிக் கோப்பையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிடரியைச் சொறிந்துகொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், இதே பொய்யத்தான் சார் உங்ககிட்ட சொல்லச் சொல்லிட்டுப் போனாரு."