கொட்டாவி விடாத அத்தியாயம்

ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்பும் கணவர், குளித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்ததும் கேட்பார்: "இன்னைக்கு என்ன எழுதின? வாசி, கேக்கலாம்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் விடியுமுன் எழுந்து நாவல் எழுதினாள். ஆனால் இரண்டாம் பக்கம் புரளுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும்.

"நான் தொண்டை கிழிய வாசிக்கிறேன், நீங்க தூங்குறீங்க! இனிமே எழுதப் போறதே இல்ல."

"ஐயையோ, அதை மட்டும் செஞ்சுடாதே! அலுப்பும்மா, வேறொண்ணுமில்ல."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மழை வர்ணனையை வெட்டித் தள்ளினாள். கதையில் வரும் மாமியாரின் புலம்பலைப் பாதியாக்கினாள். புது அத்தியாயத்தை எடுத்த எடுப்பிலேயே சண்டையில் தொடங்கினாள்.

அன்று அவர் கண்கொட்டாமல் கேட்டார். பாதியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம்? அந்தத் தங்கச்சி வீட்டை விட்டுப் போயிட்டாளா?"

"அது நாளைக்கு!"

கால் தரையில் பாவாமல் அவள் காபி போடப் போனாள். அறையில் அவர் போனில் பேசுவது கேட்டது.

"டாக்டர், அந்தத் தூக்க மாத்திரையை மறுபடியும் எழுதிக் குடுங்க. இத்தனை நாள் அது இல்லாமலே நல்லாத் தூங்கினேன். இப்ப என் வீட்டுக்காரி நல்லா எழுத ஆரம்பிச்சுட்டா!"