நோன்பு என்று நினைத்த மணம்

“நோன்பில தண்ணி குடிக்காட்டி மூத்திரம் மணக்கும்தான் எண்டு நீங்கதானே மதினி...”

“ஓம், நோன்புக்கு எண்டுதான் சொன்னனான்! பெருநாள் முடிஞ்சு மூணு கிழமை, இருபது நாளுக்கு மேல. உன்ட மூக்கு எங்க போச்சு?”

முனீபின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இருபுறமும் நின்று, அவன் மனைவி பஹ்மியாவும் அக்கா பரீதாவும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவன் காய்ச்சலில் கண் மூடிக் கிடக்கிறான். கட்டில் கம்பியில் தொங்கும் பையில் சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மாலை வெயில் பட்டும் அது தெளிவாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி, அழுகல் மீன் வாடை வீசுகிறது. இந்த வாடைக்காகத்தான் பஹ்மியா தினமும் கக்கூசுக்கு டெட்டோல் ஊற்றினாள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம்; ஒரு பக்கத்துச் சிறுநீரகம் தப்புவது நிச்சயமில்லை என்று டொக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. பரீதா போர்வையை இழுத்துத் தம்பியின் காலை மூடுகிறாள். பஹ்மியாவின் குரல் இறங்கிவிட்டது.

“பத்தாம் நோன்பிலயே மூத்திரம் எரியுது எண்டு சொன்னவர், மதினி. நோன்ப விடுறதுக்குச் சாட்டுத் தேடுறார் எண்டு நான் சிரிச்சன்.”