கொஞ்சம் தோற்க விடுங்கள்

"கையை எடுங்க ஆன்ட்டி!"

ஷர்மிளா போட்ட சத்தத்தில் தாராவி ஜெராக்ஸ் கடையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

விஜயலட்சுமி திடுக்கிட்டு லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். அவள் செய்த ஒரே குற்றம், பக்கத்து வீட்டுப் பூமாரிக்கு உதவ வந்ததுதான். பூமாரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

"ஏட்டி, கண்ணு தெரியாத பிள்ள தட்டுத் தடுமாறிட்டு இருக்கா. ஒத்தாசை பண்ணாம நின்னு வீடியோவா எடுக்க?"

"ஆமா, எடுக்கறேன். அவ தடுமாறணும். அதான் எனக்கு வேணும்."

"நல்ல சிநேகிதி பிடிச்ச, பூமாரி!"

"மாட்டுங்காக்காரி, வக்கீலுக்குப் படிக்கா மதினி. அப்படித்தான் பேசுவா" என்று சிரித்தாள் பூமாரி.

விஷயம் இதுதான். கல்லூரி உதவித்தொகைக்கு அரசாங்க இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திரையில் இருப்பதையெல்லாம் லேப்டாப் பூமாரிக்குப் படித்துக் காட்டும். அவளே மடமடவென்று அடித்துவிடுவாள். கடைசியில் ஒரு கட்டம் வரும். அதில் கோணல்மாணலாக நாலைந்து எழுத்துகள். பார்த்து அப்படியே அடித்து, தான் மனுஷிதான் என்று நிரூபிக்க வேண்டும். அது வெறும் படம். லேப்டாப்பால் படிக்க முடியாது. காதால் கேட்கவும் வழி வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. வைக்கவில்லை.

போன மாதமே போனில் புகார் சொன்னார்கள். "பார்வை இல்லாதவங்க எத்தனையோ பேர் விண்ணப்பிச்சிருக்காங்களே. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது.

"எப்படி விண்ணப்பிச்சாங்க? ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு ஆன்ட்டி இருந்திருக்காங்க!" கடை மொத்தத்துக்கும் பிரசங்கம் செய்தாள் ஷர்மிளா. "நீங்க எல்லாரும் உதவி உதவியே அந்த சைட்டைக் காப்பாத்தறீங்க. இவ தனியா உட்கார்ந்து தோத்துப்போறதை ஒரு தடவை நான் வீடியோவுல காட்டியாகணும்."

"நான் அடிச்சா ஒரு நிமிச வேலை. இதுக்குப் போயி..."

"போன வருசம் நீங்கதான அடிச்சீங்க மதினி?" என்றாள் பூமாரி. "மறுநாளே எங்கப்பா சம்பளம் நம்ம சால்ல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சு. என் பாஸ்வேர்டை உங்க மவன் பாட்டாவே பாடுதான். ஒரு தடவையாவது என் வேலைய நானே செஞ்சுக்கிடணும்."

விஜயலட்சுமி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் போகிறபோக்கில் எட்டிப் பார்த்து, "கடைசியில எட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் மாட்டுங்கா ஓட்டலில் முயன்றார்கள். "பெரிய கே, சின்ன எம், அப்புறம் மூணு" என்று காபி டபராவை வைப்பதற்கு முன்பே வாசித்து முடித்துவிட்டார் சர்வர் கண்ணா.

மான்குர்த் போகிற ரயிலில் இன்னும் மோசம். லேடீஸ் பெட்டியே எழுந்து வந்து வாசித்தது.

"ஜீரோ!"

"நஹீ, இங்கிலீஷ் 'ஓ' ஹை!"

பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சண்டை மும்முரத்தில் ஒருத்தி செம்பூரில் இறங்கவே மறந்துபோனாள்.

ஷர்மிளா கொதித்தாள். "இந்த ஊர்ல ஒருத்திக்குத் தோத்துப்போகக்கூட சுதந்திரம் கிடையாதா? கண்ணு முன்னால ஒரு கட்டம் இருந்தா நிரப்பியே ஆகணுமா? மனுஷங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாம்?"

"விடுட்டி. ஊரு பூரா நல்லவங்க. நாம என்ன செய்ய?"

கடைசியில் பூமாரியின் வீட்டில், கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். விஜயலட்சுமி வெளியிலிருந்து இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை.

பூமாரி தனியாக முயன்றாள். தப்பு. மறுபடியும் தப்பு. நேரம் முடிந்ததென்று சொல்லி இணையதளம் அவளை வெளியே தள்ளியது.

"சூப்பர்! தோத்துட்டே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள் ஷர்மிளா.

சூட்டோடு சூடாக அதே தளத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்தார்கள். சட்டப் பிரிவுகளை ஷர்மிளா ஆவேசமாகச் சொல்லச் சொல்ல, பூமாரி அடித்தாள். வீடியோவையும் இணைத்தாயிற்று.

"ஏட்டி, ஒரு நிமிசம்..." என்று பூமாரி வாயெடுப்பதற்குள், புகார் பதிவாகிவிட்டதாக லேப்டாப் அறிவித்தது.

அடுத்த வாரம், பூமாரியின் வீட்டில் இருவரும் தனியாக இருந்தபோது போன் வந்தது. பூமாரி ஸ்பீக்கரில் போட்டாள். அதிகாரி ஹிந்தியில் உற்சாகமாகப் பேசினார்.

"மேடம், புகாரை நீங்களேதான் பதிவு பண்ணினீங்களா?"

"ஆமா சார்."

"சபாஷ்! புகார்ப் பக்கத்துலயும் அதே கட்டம்தான் இருக்கு. முதல் தடவையே சரியா நிரப்பியிருக்கீங்க. நாங்க உங்க வீடியோவை நம்பறதா, இதை நம்பறதா? கேஸ் க்ளோஸ்!"

வைத்துவிட்டார்.

"பொய்!" ஷர்மிளா துள்ளி எழுந்தாள். "அந்தக் கட்டத்தை நீ எப்படி நிரப்பியிருக்க முடியும்? எவளோ நடுவுல புகுந்து வேலை பார்த்திருக்கா!"

"கதவு பூட்டித்தான கெடந்துச்சு" என்றாள் பூமாரி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. திற லேப்டாப்பை. இன்னொரு புகார் போடறோம்!"

பூமாரி மடியில் வைத்துத் திறந்தாள். பெயரை அடித்தாள். முகவரி, புகார் எல்லாம் அடித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் விரல்களை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

'டக்'கென்று ஒரு எழுத்து விழுந்தது.

"கையை எடுங்க ஆன்ட்டி" என்றாள் பூமாரி.