காட்டில் விட்டவள்

"இதுலயும் சித்திதான் பிள்ளைங்களைக் காட்டுல விடச் சொல்றாளா?"

சிறுமி தலையை மட்டும் ஆட்டினாள். புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள்.

தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்ட அவளுடைய சித்தி அந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அதே அண்ணன் தங்கை, அதே காடு. பல வாரங்களாக நூலகத்திலிருந்து அந்த ஒரே கதைதான் வேறு வேறு அட்டையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கல்யாணமான கையோடு கணவன் கப்பல் வேலைக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் மிஞ்சியது இவளும், தாயை இழந்த அவன் மகளும்தான். எதைக் கேட்டாலும் 'ம்'. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க யார் யாரிடமோ பேசிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக் கதவைத் திறந்ததும் வாயில் பூட்டு விழுந்துவிடும்.

ஞாயிறு மதியம் சிறுமி ஓவிய வகுப்புக்குப் போயிருந்தாள். இவள் அந்த வாரத்துப் புத்தகங்கள் மூன்றையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தாள். ஒன்றில் பஞ்சம் வந்ததால் சித்தி பிள்ளைகளை விரட்டுகிறாள். இன்னொன்றில் காரணமே இல்லாமல் விரட்டுகிறாள். மூன்றாவதில் சூனியக்காரியே அவள்தான். மூக்கு மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் நீண்டுகொண்டே போனது.

மூன்றிலும் ஒரே இடத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. சித்தி முதன்முதலாக வாயைத் திறக்கும் பக்கம். அதற்கு அப்பால் ஒரு தாள்கூடக் கசங்கவில்லை.

'இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாளா?' குளியலறைக்குப் போய்த் தன் மூக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள். "சின்னப் பொண்ணும்மா, போகப் போக..." என்பதற்குள் கடல் அவன் குரலை விழுங்கிவிட்டது.

மறுநாள் புத்தகங்களோடு நூலகத்தில் போய் நின்றாள்.

"குழந்தைக்குக் குடுக்க வேற கதையே கிடைக்கலையா மேடம்? வாராவாரம் சித்தி கொடுமைதானா? நானும் அதே வீட்லதானே இருக்கேன்!"

நூலகப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் சித்தியா? உக்காருங்கம்மா. நானா குடுக்கலை, அவதான் கேக்குறா. எந்தெந்த தேசத்துலயோ எழுதினது, பழசு, புதுசுன்னு இருக்கிறதெல்லாம் எடுத்துக் குடுத்தாச்சு. 'இதுவும் இல்லை ஆன்ட்டி'ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துடுறா."

"இன்னும் பெரிய கொடுமைக்காரி வேணுமாமா அவளுக்கு?"

"அட, நீங்க வேற! நல்ல சித்தி வர்ற புத்தகம் வேணுமாம்."